சரிபார்த்தவள்

அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னது ஒரு துணித்துண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் ஒரே ஒரு பூ. அந்தப் பூவில் ஓர் இதழ் உடைந்திருந்தது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். கைத்தறி நெசவைப் பற்றி ஆறு புத்தகங்கள் எழுதியவர். எந்தப் பூவுக்கு நூலை எப்படிக் கோர்ப்பது, தறிக்கு அடியில் இருக்கும் மிதிக்கட்டைகளில் எந்த மிதியை எந்த வரிசையில் மிதிப்பது, அந்தக் காலத்து ஆட்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்றெல்லாம் கட்டம் போட்ட தாளில் வரைந்து பக்கத்திலேயே விளக்கமும் எழுதுவார். நெய்கிறவர்கள் தறிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். அட்டையில் டீக் கறை இல்லாத பிரதியை நான் இதுவரை எந்தத் தறிக்கூடத்திலும் பார்த்ததில்லை. பெருமை அடித்துக்கொள்கிறேன் என்பீர்கள். அடித்துக்கொள்ளத்தான் செய்வேன், பாதிப் பெருமை எனக்குச் சேர வேண்டியது. அவர் தாளில் போடுவார், நான் தறியில் போட்டுப் பார்ப்பேன். அவருக்கு முழங்கால் மடங்காமல் போனதிலிருந்து தறிப் பலகையில் அவர் உட்காருவதே இல்லை. ஒரு வடிவம் புத்தகத்துக்குள் போக வேண்டுமானால் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். 'தணிக்கை அதிகாரி' என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்.

ஆறு புத்தகத்தின் முன்னுரையிலும் கடைசி வரி ஒன்றுதான்: "இந்நூலில் பிழை ஏதும் இருந்தால் அது என்னுடையதன்று, நெய்து சரிபார்த்தவளுடையது." முதல் புத்தகத்தில் வேடிக்கையாக எழுதினார். நான் அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. அப்புறம் அந்த வரி இல்லாமல் புத்தகம் புத்தகமாகவே தோன்றாது என்று ஆகிவிட்டது.

படிக்கிறவர்கள் கடிதம் போடுவார்கள். புகழ்ந்து வருவதற்கு அவர் பதில் எழுதுவார். குறை சொல்லி வருவது என் இலாகா. "மீன்முள் வடிவத்தில் உங்கள் புத்தகம் தப்பு" என்று யாராவது எழுதியிருப்பார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் எழுதுவேன். உங்கள் துணியை முழுசாக விரித்துப் போட்டுப் பாருங்கள். வடிவம் என்பது ஒரே மிதி வரிசையைத் திரும்பத் திரும்ப மிதிப்பது. தாளில் தப்பு இருந்தால் எல்லாப் பூவிலும் அதே இடத்தில் அதே தப்பு வரும், ஏனென்றால் தாளுக்குக் களைப்பு கிடையாது. ஒரு பூவில் வந்து அடுத்த பூவில் வராமல், அதற்கடுத்த பூவில் வேறு இடத்தில் வந்தால், அது தாளின் தப்பு இல்லை. மிதித்த காலின் தப்பு. இத்தோடு 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்றும் சேர்த்து எழுதியிருப்பேன். தபாலில் போடுமுன் அவர் அதை மட்டும் அடித்துவிடுவார்.

ஏழாவது புத்தகத்தில் சுழிப்பூ என்று ஒரு வடிவம். இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று நடுவில் போய் முடியும். பார்க்க அழகு, மிதிக்க எமன். எங்கள் தறியில் துணியின் முகம் கீழே இருக்கும், முதுகு மேலே. நெய்கிறவளுக்கு முதுகுதான் தெரியும். ஆகவே ஒரு சின்னக் கைக்கண்ணாடியைத் துணிக்கு அடியில் நீட்டிப் பார்ப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் நீட்டினேன். கண்ணாடிக்குள் சுழிப்பூ ஓர் இதழ் முறிந்து கிடந்தது.

அவர் தாளில் தப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தாளில் நான் சண்டைக்கு இழுக்கப் பொய்க் குற்றம் கண்டுபிடித்திருக்கிறேனே தவிர, மெய்யான பிழையைக் கண்டதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நினைத்துக்கொண்டு நெய்ததைப் பிரித்தேன். இதழ் சரியாக வரும்வரை கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் போட்டேன். பிறகு நான் மிதித்த வரிசையைச் சிவப்புப் பென்சிலால் அவர் தாளின் மேலேயே எழுதினேன். அடுத்த வடிவத்திலும் ஒரு பிழை. அதற்கடுத்ததிலும். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

காரணம் அவருடைய அண்ணன். அந்த மனிதருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாவியை வைத்த இடம் மறந்தார், பிறகு கடைக்குப் போன வழி மறந்தார். ஒருநாள் தன் வீட்டுக் கூடத்திலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "இந்த வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க? சொல்லிட்டுக் கிளம்பணும்" என்று கேட்டார். கடைசியில் அவரை ஓர் அறையில் விட்டு வெளியே பூட்டி வைத்தார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது அவர் உள்ளேயிருந்து தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு இல்லை. அந்தச் சத்தம் மட்டும்தான்.

அங்கிருந்து திரும்பி வந்ததும் இவர் முகம் கழுவிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அப்படி வந்தா, உனக்குத்தான் முதல்ல தெரியும்," என்றார்.

"வாயைக் கழுவுங்க."

"இப்பதான் கழுவினேன். கேளு. தெரிஞ்சா யார்கிட்டயும் சொல்லாத. என்கிட்டயும் சொல்லாத. கையில இருக்கிற புத்தகத்தை மட்டும் எப்படியாவது முடிச்சுடு."

சரி என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வேறென்ன செய்வேன். அது நடக்கப்போகிற காரியமாக எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இப்போது நடந்துகொண்டிருந்தது. மகளுக்குத் தெரிந்தால் எங்களை அழைத்துப் போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வாள். அவள் வீட்டில் தறிக்கு இடமில்லை. அவருக்குத் தெரிந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார், அத்தோடு சரி. ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வடிவமாக நெய்து, ஒவ்வொரு தாளிலும் சிவப்பைப் போட்டு, கட்டி அவர் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இங்க மாத்தியிருக்கியா?" என்றார்.

"ஆமா. இதழ் உடையுது."

விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சரி," என்றார்.

அந்தச் 'சரி'தான் என்னை நிலைகுலைய வைத்தது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒரே ஓர் இழைக்காக என்னோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்து, சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்குப் போனவர். அப்படிப்பட்ட மனுஷன் தன் தாளில் இன்னொருத்தி சிவப்புப் போட்டதைப் பார்த்துச் சரி என்கிறார் என்றால், உள்ளே எவ்வளவு கரைந்து போயிருக்க வேண்டும்? நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அதுவே கண்ணில் பட்டது. அடுப்பில் பால் கருகிப் பாத்திரம் ஓட்டையாகியிருக்கும். "பாத்துக்கச் சொன்னேனே" என்பேன். "சொன்னியா? சரி, மறந்துட்டேன் போல" என்பார். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கும். "யார் திறந்து போட்டது?" என்றால், "நான்தான் போல" என்பார். கடைக்கு நான் கிளம்பினால் அவரும் அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார். இத்தனை வருஷம் தாளை விட்டு எழுந்திருக்காத ஆள். "எதுக்கு வர்றீங்க?" என்று எரிந்து விழுந்தால், "தனியா இருக்க ஒரு மாதிரி இருக்கு" என்பார். குழந்தை மாதிரி என் சேலைத் தலைப்புக்குப் பின்னால் வந்தார். தெரு முனையில் நான் கொஞ்சம் தயங்கினால், "இந்தப் பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பாவம், வழியை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி நினைவு வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் தறிக்கூடத்துக்குப் போனால் ஒவ்வொரு மிதியிலும் ஒவ்வொரு நிறத்தில் துணிநாடா கட்டியிருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று. தாளிலும் எண்களுக்குப் பதில் அதே நிறங்களில் கட்டங்கள், பெரிது பெரிதாக.

"இது என்ன கூத்து? பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்றேன்.

"புதுசா கத்துக்கிறவங்களுக்குச் சுலபமா இருக்குமேன்னு."

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களை 'முதலில் எண்ணத் தெரிந்துகொள்ளட்டும்' என்று திட்டியவர் இவர்தான். எண்கள் இவருக்கே மறந்து போகின்றன, அதை மறைக்க இந்த வேஷம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். மறைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பிறகு முன்னுரையின் அச்சுத் தாள் வந்தது. கடைசி வரி இல்லை. ஆறு புத்தகத்தில் எழுதிய வரியை மறந்துவிட்டார். அதை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை.

மகள் விடுமுறைக்கு வந்தாள். சத்தியம் செய்திருந்தேன்தான், ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது சாணென்ன முழமென்ன? சமையலறையில் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பால், கதவு, கடை, நாடா.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "அம்மா, இதைப் போன தடவையும் சொன்ன," என்றாள்.

"எதை?"

"அப்பா பாலைக் கருக விட்டாருன்னு."

"போன தடவையும் கருகிச்சு, இந்தத் தடவையும் கருகிச்சு. கருகின பாத்திரத்தைக் காட்டட்டுமா?"

"வேணாம்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் அப்பாவும் பெண்ணும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ கேட்டாள், அவர் தலையை ஆட்டினார். பிறகு சட்டை முனையால் கண்ணைத் துடைத்தார். பெற்ற பெண் இப்படியா அப்பாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னதே தப்பு என்று தோன்றியது.

உள்ளே வந்ததும் அவள் சொன்னாள்: "டாக்டர்கிட்ட நாள் வாங்கியாச்சும்மா. ரெண்டு பேரும் வாங்க."

"உங்கப்பா ஒத்துக்கிட்டாரா?"

"அப்பாதான் வாங்கச் சொன்னாரு."

அந்த மனுஷனுக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவருடைய அண்ணன் கடைசியில் எப்படி ஆனார் என்று சொன்னேனா? ஓர் அறையில் விட்டு வெளியே பூட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் சில நாள் எங்கள் வீட்டிலும் கேட்கிற மாதிரி இருக்கும். போய்ப் பார்த்தால் காற்றில் ஆடுகிற தறிக்கயிறாக இருக்கும்.

அச்சாபீஸ்காரரை நாங்கள் 'அவசரம்' என்று கூப்பிடுவோம். அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. அவர் அந்த வாரம் வந்து நின்றார்.

"அவசரம்மா. அட்டைக்குப் படம் எடுக்கணும். சின்னத் துண்டெல்லாம் வேணாம். சுழிப்பூ போட்டு நீளமா ஒரு முழுத்துணி வேணும், மடிச்சு மடிச்சு வழிய விட்டு எடுக்கலாம்."

"ஒரு பூ மிதிக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது. முழுத்துணியா?"

"நீங்க பண்ணாத பூவா?" என்று போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்து, "வேணாம், சின்னத் துண்டே போதும்னு சொல்லிடறேன்," என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் தாளில் பிழை வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார், அதற்காக என் கையைக் கட்டப் பார்க்கிறார். நான் இருக்கும்போது எப்படி வெளியே வரும்? "நெய்யத்தான் போறேன்" என்று தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டேன். அவர் நிறம் போட்ட புதுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு நேராக மாட்டினார். என் திருத்தங்களைச் சேர்த்துத்தான் எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

முதல் பூவைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அழகாக வந்திருந்தது. இரண்டாம் பூவுக்குக் கண்ணாடியைத் தேடினால் காணோம். கூடத்தையே புரட்டிப் போட்டேன்.

"கண்ணாடியை எங்க வெச்சீங்க?"

"நான் எடுக்கலையே," என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்தேன் போல. தேடித் தர்றேன்," என்றார். தரவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு நெய்ய வராதா என்று வீம்புக்கு உட்கார்ந்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், மறுபடி சிவப்பு. வேலை நடுவில் அவர் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். நான் திரும்பினால் போய்விடுவார். சில சமயம் நான் தாளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது, டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும். அவர் ஏன் சூடாகக் கொண்டு வரவில்லை என்று அதற்கும் ஒரு பாட்டு விடுவேன். நெய்த துணி மடிமுன்னால் உருளையில் சுருண்டுகொண்டே வந்தது. சுருள் ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது. "உருளை தேஞ்சு போச்சு, ஆசாரியைக் கூப்பிடச் சொன்னா கேக்கறீங்களா?" என்று கத்தினேன். அவர் சரி என்றார்.

துணி முடிந்த அன்று வெயில் நன்றாக அடித்தது. மறுநாள் டாக்டர். பாவு நூலை அறுத்து, துணியைச் சுருளோடு தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வேண்டாம், நான் பிரிக்கிறேன் என்று அவர் கீழேயிருந்து கூப்பிட்டார். அந்தக் காலோடு அவர் படியேறுவதற்குள் பிரித்துவிடலாம் என்று ஒரு முனையைப் பிடித்து உருட்டி விட்டேன்.

துணி தரையில் ஓடியது. கிட்டத்தட்டக் கடைசிச் சுற்றில், முதல் பூவுக்குப் பக்கத்தில், ஏதோ கிணீரென்று விழுந்து உருண்டது. என் கைக்கண்ணாடி.

அதைக் குனிந்து எடுத்தேன். முதல் பூவைப் பார்த்துவிட்டு, துணிமேல் வைத்து, அப்படியே சுற்றியிருக்கிறேன். தறியில் உட்காருகிறவள் நான் ஒருத்திதான். வேறு யார் கையும் அந்த உருளையைத் தொடாது.

பிறகு துணியைப் பார்த்தேன். முகம் மேலே இருந்தது. முதல் பூ முழுசாக இருந்தது. இரண்டாவதில் மேல் இதழ் உடைந்திருந்தது. மூன்றாவது முழுசு. அதற்கடுத்ததில் கீழ் இதழ். அதற்கடுத்ததில் நடுப்பகுதியே இல்லை. பிறகு இரண்டு பூ கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அழகு. பிறகு பூ என்றே சொல்ல முடியாத ஒன்று, கோடும் திட்டுமாக, யாரோ தூக்கத்தில் மிதித்த மாதிரி. கடைசி வரை நடந்து போனேன். எந்த இரண்டு தப்பும் ஒரே இடத்தில் இல்லை.

உங்கள் துணியை முழுசாக விரித்துப் போட்டுப் பாருங்கள். தாளுக்குக் களைப்பு கிடையாது. எத்தனை பேருக்கு என் கையால் எழுதியிருக்கிறேன்.

கீழே இறங்கினேன். படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிக் கூடத்துக்குப் போய்த் தறியில் மாட்டியிருந்த தாளை எடுத்தேன். மேஜையிலிருந்து என் சிவப்புப் போட்ட தாளை எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே போனேன். மாட்டியிருந்த தாளில் என் திருத்தம் ஒன்றுகூட இல்லை. அவர் முதலில் போட்டது போட்டபடி இருந்தது. மாடியில் முழுசாக வந்த பூவெல்லாம் அந்த வரிசையில் வந்தவை. நான் சிவப்பில் எழுதியிருந்ததை மிதித்தால் ஒரு பூவும் வராது. நான் சரியாகத்தான் மிதித்திருந்தேனோ என்னவோ, மிதித்ததை எழுதத் தெரியவில்லை.

அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"டாக்டர்கிட்ட யார் பேர் குடுத்திருக்கு?" என்று கேட்டேன்.

"போயிட்டு வந்து பேசிக்கலாமே."

"யார் பேரு?"

"உன் பேரு," என்றார்.

நான் தறிப் பலகையில் உட்கார்ந்தேன். கால் தானாக மிதிகளின் மேல் போய் நின்றது. சிவப்பு, பச்சை, மஞ்சள். எனக்காகக் கட்டியது. கடைக்குக் கூட வந்தது எனக்காக. 'இந்தப் பக்கம்' என்று சொன்னது எனக்கு. கருகின பாலையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்கண்ணனைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு நான் என்ன சத்தியம் பண்ணினேன்?"

"யார்கிட்டயும் சொல்லாம புத்தகத்தை முடிச்சுடறேன்னு."

"என்கிட்டயும் சொல்லாம."

"ம்."

"நீங்க அதைத்தான் எனக்குப் பண்ணிட்டிருந்தீங்களா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் போட்ட சிவப்பெல்லாம் அச்சாபீஸுக்குப் போயிடுச்சா?"

"இல்ல. சுத்தமா வேற எழுதி அனுப்பிட்டேன்."

"சுழிப்பூல நான் மாத்தினது தப்புதானே?"

"அது... ரெண்டு விதமாவும் போடலாம். சரிதான்."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அந்த நேரத்தில் அது ஒன்றுதான் எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

"சரின்னு சொல்லாதீங்க! இன்னும் ஒரு தடவை சரின்னு சொன்னீங்கன்னா இந்தத் தறியை உடைப்பேன். என்னைப் பாத்துப் பயந்துக்கிட்டு எத்தனை நாள் இப்படிச் சொல்லிட்டிருப்பீங்க? சண்டை போடுங்க."

அவர் திரும்பினார். பிறகு நொண்டிக்கொண்டு வந்து என் கையிலிருந்த சிவப்புத் தாளைப் பிடுங்கினார்.

"தப்புடி. அத்தனையும் தப்பு. இங்க பாரு, மூணுக்கு அப்புறம் ரெண்டு எப்படி வரும்? இதழ் எப்படித் திரும்பும்? என் தாள்ல கை வைக்க நீ யாரு? ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம் என்னது தப்புன்னு காட்டு பார்ப்போம்!"

கத்திக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். ஆனால் நெஞ்சில் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாசமாயிற்று. அவர் புத்தி அப்படியே இருந்தது. ஓர் இழை தப்பவில்லை. அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே, தப்பியது என் புத்தி என்பதும் வந்து நின்றது.

கொஞ்சம் அடங்கியதும் முன்னுரையின் அச்சுத் தாளை எடுத்துவரச் சொன்னேன்.

"கடைசி வரியை ஏன் எடுத்தீங்க?"

"சும்மாதான்."

"மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். திருப்பிப் போடுங்க."

"வேணாம். அது வேடிக்கைக்கு எழுதினது."

"அதான் போடச் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். "இந்தத் தடவை முடியாது. என் கையால எழுத மாட்டேன்."

"அப்ப நான் எழுதறேன். தப்பா எழுதினா நீங்க திருத்துங்க."

பென்சிலை எடுத்தேன். முதல் பாதி வந்தது. இந்நூலில் பிழை ஏதும் இருந்தால் அது. அதற்கு மேல் என்ன வரும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆறு தடவை படித்துச் சிரித்த வரி. பென்சில் முனை தாளில் ஒரு புள்ளியாக அழுந்திக்கொண்டே இருந்தது. அவர் என் கையின் மேல் தன் கையை வைத்து மீதியைச் சேர்ந்து எழுதினார். என்னுடையதன்று, நெய்து சரிபார்த்தவளுடையது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"புத்தகம் வந்ததும் எனக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க," என்றேன். "நான் சிரிக்கலைன்னா, இது வேடிக்கைன்னு நீங்கதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்றார். பிறகு மாடியில் கிடந்த துணியை எடுத்துவர நான் கிளம்பினேன், அவரும் காலை இழுத்துக்கொண்டு கூடவே வந்தார்.